பருவத் தொடக்கத்துப் பனியில் நடக்கும்போது எதைப் பார்ப்பது, எதை நம்புவது?

கடலூரிலிருந்து ஆறு பேராக டிசம்பர் கடைசி வாரத்தில் உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குச் செல்ல இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பனி விழுந்து சில வாரங்களே ஆகியிருக்கும் என்பதால் பனி குறைவாகவே இருக்கும், ஆகவே ஆபத்தும் குறைவுதானே என்று கேட்கிறீர்கள். நடக்கும்போதே கம்பால் குத்திப் பார்த்துப் பனியின் நிலையைத் தெரிந்துகொள்ள வழி உண்டா, பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்புப் பற்களான கிராம்பானை இங்கேயே வாங்கிச் செல்ல வேண்டுமா என்பவையும் உங்கள் கேள்வியில் உள்ளன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு பனிச்சாய்வின் முன் நிற்கும்போது அதில் கால் வைக்கலாமா கூடாதா என்பதை நீங்களாகவே தீர்மானிக்க முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று புரிந்துகொள்கிறேன். கூடாது என்று தீர்மானிக்கப் பெரும்பாலும் முடியும். வைக்கலாம் என்பதைப் பனியை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் புதுச்சேரிக்காரன். உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சியும் மேல்நிலைப் பயிற்சியும் முடித்துவிட்டு, பல ஆண்டுகளாக இங்கிருந்து சிறு குழுக்களை இமயமலைக்கு அழைத்துச் சென்று வருகிறேன். பனிச்சரிவை முன்னறிவிக்கும் அறிவியலாளன் அல்லன். ஆகவே கீழே எழுதுபவற்றில், இத்துறையில் ஐயமின்றி ஏற்கப்பட்டவை எவை, நடந்து பழகியதால் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயங்கள் எவை என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

பனி குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு என்ற கணக்கு பாதிதான் சரி. தரையிலுள்ள பாறைகளும் புதர்களும் மூடப்படாத அளவுக்குப் பனி மெல்லியதாக இருக்கும்வரை, அந்த மேடுபள்ளங்களே பனியைப் பிடித்து நிறுத்திவிடும். பெரிதாக எதுவும் சரிந்து வராது. ஆனால் அந்த மேடுபள்ளங்கள் மறைய எவ்வளவு பனி வேண்டும் என்பது தரையைப் பொறுத்தது. பெரும்பாறைகள் இறைந்து கிடக்கும் சாய்வில் ஒரு மீட்டர் பனி விழுந்தாலும் போதாமல் இருக்கலாம். புக்யால் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் உயர்மலைப் புல்வெளியிலோ, காய்ந்த புல் கீழ்நோக்கிப் படுத்துக் கிடப்பதால், முழங்கால் அளவுக்கும் குறைவான பனியே சரியப் போதுமானது. கேதார்காந்தா வழியில் காட்டை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் காணப்போகும் திறந்த வெளிகளில் பல இத்தகைய புல்வெளிகள்தாம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மெல்லிய பனிப்படிவு தனக்குள்ளேயே பலவீனமடையும் இயல்புடையது. கோடையின் வெப்பத்தைத் தரை இன்னும் தேக்கி வைத்திருப்பதால், பனிக்கு அடியில் வெப்பநிலை ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். மேற்பரப்போ மேகமில்லாத இரவில் மைனஸ் 15 வரை இறங்கிவிடும். பனி ஒன்றரை மீட்டர் ஆழம் இருந்தால், இந்த 15 டிகிரி வேறுபாடு 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்று பரவலாகப் பங்கிடப்படும். பனி 30 சென்டிமீட்டர்தான் என்றால், அதே வேறுபாடு 10 சென்டிமீட்டருக்கு 5 டிகிரி என்று நெருக்கப்பட்டுவிடும். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்ற அளவைத் தாண்டும்போது, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்படுவதற்குப் பதிலாக, கீழிருந்து ஏறும் நீராவி அவற்றின்மேல் படிந்து கோணங்களும் முனைகளும் கொண்ட தனித்தனிப் பளிங்குகளாக வளரத் தொடங்கும் என்பது பனியியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு. தரையை ஒட்டி வளரும் இந்த அடுக்கை டெப்த் ஹோர் என்பார்கள். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பை அள்ளினால் விரலிடுக்கில் எப்படி ஓடுமோ அப்படி ஓடும் அது. கையுறைக்குள் வைத்து எவ்வளவு இறுக்கினாலும் உருண்டை பிடிக்க வராது. வெயிலில் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு மணியின் பக்கத்திலும் மெல்லிய வரிகள் படிப்படியாகத் தெரியும்.

இது எங்கே அதிகம் வளரும் என்பதையும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். டிசம்பர் 21 நண்பகலில் கடலூரில் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 55 டிகிரி உயரத்தில் இருக்கும். கேதார்காந்தாவின் அடிவார ஊரான சாங்க்ரி 31 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால், அங்கே அதே நேரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி உயரம்தான். அதாவது, வடக்கு நோக்கிய 36 டிகிரி சாய்வு ஒன்றில் அந்நாளில் நண்பகலிலும் நேர் வெயில் விழாது. தெற்குச் சாய்வில் பனி பகலில் இளகி இரவில் இறுகித் தரையோடு பிணைந்துகொண்டிருக்கும்போது, வடக்குச் சாய்வில் அதே நாளில் விழுந்த பனி வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து கல்லுப்பாக மாறிக்கொண்டிருக்கும். நவம்பரில் ஒரு முறை பனி விழுந்து, பிறகு மூன்று வாரம் வானம் பளிச்சென்று இருந்தது என்று யாராவது சொன்னால், சுற்றுலாப் பயணிக்கு அது நல்ல செய்தி. எனக்கு அது எச்சரிக்கை. ஏனெனில் அடுத்து வரும் பெரும்பனி அந்தக் கோர்வையற்ற அடுக்கின்மேல்தான் உட்காரப்போகிறது.

அப்படி மேலே படியும் புதுப்பனியைக் காற்று அடித்துக் கெட்டிப்படுத்தினால் ஒரே பாளமாக இறுகிவிடும். கீழே வலுவற்ற அடுக்கு, மேலே இறுகிய பாளம், அடியில் போதிய சாய்வு என்ற மூன்றும் சேர்ந்தால், நான்காவதாகத் தேவைப்படுவது தூண்டுதல் ஒன்றுதான். நடப்பவரின் எடையே அதற்குப் போதும். மேலை நாடுகளில் பனிச்சறுக்கு, மலையேற்றம் ஆகியவற்றில் நேர்ந்த உயிரிழப்புகளைத் தொகுத்தவர்கள், பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான் சரிவைத் தூண்டியிருக்கிறார்கள் என்று காண்கிறார்கள். பாளம் எங்கே மெல்லியதாக இருக்கிறதோ, அங்கே காலின் அழுத்தம் எளிதில் அடியிலுள்ள அடுக்கை எட்டிவிடும். பாறையும் புதரும் லேசாகத் தலைநீட்டும் இடங்கள் பாதுகாப்பானவை என்று எண்ணி அவற்றை ஒட்டியே நடப்பது பலருடைய வழக்கம். உண்மையில் பனி அங்கேதான் மெல்லியது, பளிங்குகளும் அங்கேதான் அதிகம் வளர்ந்திருக்கும்.

இனி எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். பார்க்கும் வேலை ஊரிலிருந்து புறப்படும் முன்பே தொடங்குகிறது. நமக்கு இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும் அந்த நாட்களில், உத்தராகண்டில் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறை அழைக்கும் காற்றுச் சுழற்சி. டேராடூன் வானிலை மையம் மாவட்டவாரியாக வெளியிடும் முன்னறிவிப்பில் உத்தரகாசி மாவட்டத்தைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் பார்த்துக் குறித்து வாருங்கள். எந்தெந்த நாளில் பனி விழுந்தது, இடையில் எத்தனை நாள் வானம் தெளிவாக இருந்தது, கடைசியாக எப்போது காற்று பலமாக வீசியது என்ற இம்மூன்றும் போதும். டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற நிறுவனம், முன்பு மணாலியில் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமாக இருந்தது. அது வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கைகளில் உத்தரகாசியும் இடம்பெறும். எச்சரிக்கை இருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லை என்பதை மட்டும் வைத்து நீங்கள் நிற்கப்போகும் சாய்வு பத்திரமானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாவட்டத்துக்குச் சொல்லப்படுவது ஒரு மலைமடிப்புக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அக்டோபரில் நேபாளம் செல்ல நினைக்கும் நம் பக்கத்தவர்களுக்கு மட்டும் ஓர் இடைக்குறிப்பு. அந்த மாதத்தில் பார்க்க வேண்டியது மேற்குத் திசையை மட்டும் அன்று, வங்கக் கடலையும்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை நாம் மறக்க மாட்டோம். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயல் நிலத்தில் வலுவிழந்த பிறகும் ஈரத்தை வடக்கே சுமந்து சென்று, இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும்பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தொரோங் கணவாயைச் சுற்றி நடைபயணிகளும் சுமைதூக்கிகளும் உள்ளூர்வாசிகளுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் அந்தப் பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் இறந்தனர். அதற்கு முதல்நாள் வரை அங்கே தெளிந்த வானம்.

சாங்க்ரிக்குப் போய்ச் சேர்ந்ததும் மேலிருந்து அன்று இறங்கி வந்த வழிகாட்டிகளிடமும் கோவேறு கழுதை ஓட்டிகளிடமும் பேசுங்கள். பனி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, அருமையாக இருக்கிறது என்றுதான் விடை வரும். பனியைப் பார்க்கவே நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் பனி எப்போது விழுந்தது, அது உருகிப் போனதா அல்லது அதன்மேலேயே அடுத்த பனி விழுந்ததா, கழுதைகள் எதுவரை ஏறுகின்றன, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, இந்தப் பருவத்தில் எந்த மடிப்பிலாவது பனி சரிந்து கிடப்பதைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் அதைவிட நம்பத்தக்க சான்று வேறு இல்லை. அதே திசையை நோக்கிய, அதே உயரத்திலுள்ள, அதே அளவு சாய்ந்த மற்ற இடங்களும் சரியக்கூடியவை என்றே பொருள்.

நடக்கும்போது முதலில் அளக்க வேண்டியது பனியை அன்று, சாய்வை. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள் உள்ள சாய்வுகளில் தொடங்குகின்றன. 25 டிகிரிக்குக் கீழே தொடங்குவது அரிது. கண்ணளவை நம்ப வேண்டாம், பழகியவர்களுக்கே ஐந்தாறு டிகிரி பிசகும். கைப்பேசியில் சாய்வை அளக்கும் செயலி உண்டு. ஆனால் குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் கம்பை வைத்து அளக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கம்பைச் சாய்வின் போக்கிலேயே, நுனி கீழே இருக்குமாறு பனிமேல் கிடத்தி அழுத்துங்கள். அதன் நீளத்துக்கு ஒரு தடம் பதியும். தடத்தின் கீழ்முனையில் நுனியை ஊன்றிக் கம்பை நேர்செங்குத்தாக நிறுத்துங்கள். பிறகு கைப்பிடியை அந்த உயரத்திலேயே அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் சாய்வை நோக்கி மேலே வீசிப் பனியில் தொடவிடுங்கள். நுனி தடத்தின் மேல்முனையைச் சரியாகத் தொட்டால் சாய்வு 30 டிகிரி. மேல்முனையையும் தாண்டி மேலே தொட்டால் 30-க்கு மேல்; அதற்குக் கீழேயே தொட்டுவிட்டால் 30-க்குக் குறைவு. நம் கடற்கரை மணல்மேட்டிலேயே இரண்டு நாள் பழகினால் கை வந்துவிடும்.

நீங்கள் நிற்கும் இடம் மட்டும் அன்று, உங்களுக்கு மேலே இருப்பதும் கணக்கில் சேரும். சமதரையில் நடந்தாலும், தலைக்கு மேல் 35 டிகிரிச் சாய்வு தொங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் அதன் பாதையில்தான் இருக்கிறீர்கள். கீழேயிருந்து தூண்டப்பட்டு மேலே பெயர்ந்த சரிவுகள் பதிவாகியிருக்கின்றன. மரங்கள் காக்கும் என்பதும் ஓரளவுக்கே. காடு மிக அடர்த்தியாக இருந்தால் பனியைப் பிடித்து வைக்கும். மரங்களுக்கிடையே நீங்கள் தாராளமாக நடக்க முடிகிறதென்றால் பனியும் தாராளமாக வர முடியும். கிளைகள் மேற்பக்கத்தில் மட்டும் முறிந்த மரங்களையும், காட்டின் நடுவே மேலிருந்து கீழாக வகிடெடுத்தாற்போல் வெறுமையாகத் தெரியும் பட்டைகளையும் கண்டால், அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்காதீர்கள்.

அடுத்தது, பனி தானாகவே சொல்லும் செய்திகள். கடந்த 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி, கால் வைத்ததும் ‘தொப்’பென்று அடங்கிய ஓசையுடன் சுற்றிலும் பனி ஒரு நூலளவு அமர்வது, பூட்ஸிலிருந்து கீறல் புறப்பட்டு முன்னால் ஓடுவது, மலைமுகட்டின் ஒரு பக்கத்தில் பனி கூரைபோல் வெளியே நீண்டிருப்பது, வெயில் ஏறியதும் பனியுருண்டைகள் தாமாக உருண்டு வருவது. இவற்றில் முதல் மூன்றும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. அந்த ‘தொப்’ ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். காதுக்குக் கேட்பதற்கு முன் உள்ளங்காலுக்குத் தெரியும். சில நேரங்களில் பத்தடி தள்ளி நிற்கும் புதரின் கிளை நடுங்கும். அடியிலுள்ள கோர்வையற்ற அடுக்கு நசுங்கிய ஓசை அது. சமதளத்தில் அது கேட்டால், அதே பனி மூடிய சாய்வில் நீங்கள் நின்றிருந்தால் இந்நேரம் சரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அந்நாளில் 30 டிகிரிக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் விலக்குங்கள். மேலும் சோதிக்க அங்கே ஒன்றும் இல்லை.

கம்பால் குத்திப் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயனுள்ள பழக்கம்தான், ஆனால் அது சொல்வது கொஞ்சமே. கம்பைத் திருப்பிக் கைப்பிடிப் பக்கத்தைக் கீழாக வைத்து, ஒரே சீரான விசையுடன் மெதுவாக இறக்குங்கள். முதலில் தடுத்து, பிறகு திடீரென்று வெண்ணிறத் தூளுக்குள் விழுவதுபோல் தரைவரை இறங்கினால், மேலே கெட்டி, கீழே வலுவில்லை என்று பொருள். சீராகத் தடை கூடிக்கொண்டே போனால் நல்லது. மேலே கெட்டி, கீழே மென்மை என்ற வரிசைதான் கவலைக்குரியது. ஐம்பது நூறு அடிக்கு ஒருமுறை இதைச் செய்துகொண்டே போனால், எங்கே பனி மாறுகிறது என்பது கைக்குத் தெரியத் தொடங்கும். மெல்லிய ஓர் அடுக்கைக் கம்பு காட்டாது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அடுக்கு சரிவுக்குத் தாராளமாகப் போதும்.

கையால் ஒரு குழி தோண்டிப் பார்ப்பது இன்னும் சற்று விவரம் தரும். பருவத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருப்பதால் தரைவரை தோண்ட ஐந்து நிமிடம் போதும். நீங்கள் போகவிருக்கும் சாய்வைப் போன்றே அதே திசையை நோக்கிய, ஆனால் சாய்வு குறைந்த பத்திரமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குழியின் சுவரை நேராகச் சீவி, மேலிருந்து கீழாகக் கையுறை அணிந்த கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். மூடிய முட்டி எளிதில் நுழைந்தால் மிக மென்மை; நான்கு விரல் நுழைவது அடுத்த நிலை; ஒரு விரல், பென்சில், கத்தி என்று கடினம் ஏறும். இது உலகெங்கும் பனியை ஆராய்பவர்கள் பயன்படுத்தும் அளவுதான். ஒரு விரல் மட்டுமே நுழையும் பாளத்துக்குக் கீழே முட்டி நுழையும் மணிப்பனி இருந்தால், விடை கிடைத்துவிட்டது. மண்வெட்டியும் பயிற்சியும் உள்ளவர்கள் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் தூணாகப் பனியை வெட்டி நிறுத்தி, அதன்மேல் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டி, எந்தத் தட்டில் எந்த அடுக்கு நழுவுகிறது என்று பார்ப்பார்கள்.

இச்சோதனைகளின் எல்லையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். ஒரே சாய்வில் பத்து மீட்டர் இடைவெளியில் தோண்டிய இரு குழிகள் முற்றிலும் வேறான விடை தருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. காற்று குவித்த பக்கமும் வழித்த பக்கமும், பாறைக்கு அருகும் தொலைவும் வேறு வேறு. ஆகவே குழி கெட்ட செய்தி சொன்னால் உடனே நம்புங்கள். நல்ல செய்தி சொன்னால், அது அந்த ஒரு குழிக்கு மட்டுமே உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போக வேண்டும் என்ற ஆசையோடு, அனுமதி வாங்குவதற்காகத் தோண்டுபவருக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடுகிறது. 2022 அக்டோபர் 4 அன்று, நான் படித்த அதே நிறுவனத்தின் பயிற்சியாளர்களும் மாணவர்களும் அடங்கிய குழு, 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டாண்டா-2 சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அனுபவமும் பயிற்சியும் அங்கே குறைவாக இருக்கவில்லை.

புதைந்தால் மீட்பது பற்றி ஒரே ஒரு வார்த்தை. முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன்பின் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும் டிரான்சீவர் கருவியும், துழாவும் நீள்கோலும், மண்வெட்டியும் இல்லாத குழுவால் அந்த நேரத்துக்குள் எடுப்பது ஏறக்குறைய இயலாது. உங்கள் குழுவிடம் இவை இருக்கப்போவதில்லை என்றே எண்ணுகிறேன். ஆகவே விலகி நடப்பது ஒன்றே உங்களுக்குள்ள வழி. தவிர்க்க முடியாமல் ஒரு குறுகிய சாய்வைக் கடக்க நேர்ந்தால், ஒருவர் பின் ஒருவராக, முன்னவர் மறுபக்கம் சேர்ந்த பிறகே அடுத்தவர் புறப்பட வேண்டும். கம்பின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிட்டு, பையின் இடுப்புப் பட்டையையும் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் பயணத்துக்கு நேராக வருகிறேன். கேதார்காந்தா 3,810 மீட்டர். வழக்கமான பாதை பெரும்பகுதி காட்டுக்குள்ளும் புல்வெளிகளிலும் செல்வதால், பனிச்சரிவைவிட வழுக்கி விழுவதே அங்கே உங்களுக்கு நேரக்கூடிய முதல் ஆபத்து என்பது என் கருத்து. பலர் மிதித்த தடம் பகலில் இளகி, இரவில் கண்ணாடியாக உறைந்துவிடும். சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்க வேண்டுமென்று இருட்டிலேயே கிளப்பிவிடுவார்கள். அப்போது நான் மேலே சொன்ன எந்த அறிகுறியும் கண்ணுக்குத் தெரியாது. எனவே முதல்நாள் பிற்பகலிலேயே, முகாமிலிருந்து தெரியும் வரைக்கும் மறுநாள் பாதையைப் பார்த்து வைத்துவிடுங்கள். உச்சிக்கு முந்தைய கடைசி ஏற்றம் செங்குத்தானது. அங்கே ஒவ்வொரு முறையும் பூட்ஸின் விளிம்பால் ஓர் உதை கொடுத்துப் பாருங்கள்: பாதிப் பாதம் பதிந்தால் நடக்கலாம், கீறல் மட்டும் விழுந்தால் இரும்புப் பற்கள் இல்லாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. விழுந்தால் எங்கே போய் நிற்போம் என்பதையும் பாருங்கள். கீழே தட்டையான பனிவெளி என்றால் சிராய்ப்போடு போகும். பாறையோ பள்ளமோ என்றால் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள், இல்லையேல் இறங்கிவிடுங்கள்.

தடத்தை விட்டு விலகும் இடங்களில், மெல்லிய பனிக்கு அடியில் பாறை இடுக்குகளும் விழுந்த மரங்களும் மறைந்திருக்கும். பருவத் தொடக்கத்தில் கணுக்கால் முறிவது பெரும்பாலும் இப்படித்தான். வழியிலுள்ள ஜூடா கா தாலாப் ஏரி உறைந்திருந்தால் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. ஒருவர் நடக்கத் தெளிந்த, புதிதாக உறைந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும் என்பது பொதுவான அளவு. வெண்மையாகத் தெரியும் கட்டிக்கு அதைப்போல இரு மடங்கு. மேலே பனி மூடியிருந்தால், அது போர்வையாகிக் கட்டி தடிமனாவதைத் தடுக்கும். அளந்து பார்க்கக் கருவி இல்லாதபோது கரையில் நின்றே படம் எடுங்கள்.

கிராம்பானை இங்கே வாங்க வேண்டாம். இந்தப் பாதைக்கு ரப்பர் வாரில் சங்கிலியும் சிறு பற்களும் கோத்த மைக்ரோஸ்பைக் போதும், அது சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் கடையிலேயே உங்கள் பூட்ஸில் மாட்டி, பத்தடி நடந்து, ரப்பர் வாரில் வெடிப்பு இருக்கிறதா, சங்கிலியின் வளையம் ஏதாவது திறந்திருக்கிறதா, பற்கள் மழுங்கியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பூட்ஸை மட்டும் இங்கேயே வாங்கி, புறப்படுவதற்கு முன் ஒரு மாதமாவது அணிந்து பழகிவிடுங்கள். கம்பு வாங்கும்போது நுனிக்கு மேலே பொருத்தும் அகலமான வட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத கம்பு மென்பனியில் கைப்பிடிவரை இறங்கிவிடும்.